ஊருக்குத் தெரியாத சத்தம்

“சத்தம் வரலாம்க்கா. ஆனா அது என் சத்தமா இருக்கக்கூடாது.”

ரைலி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். துருவத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் பதினெட்டு வருஷமாக, பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளைப் பிரித்துக் கோக்கிறாள். வேகம் கூட்டச் சொல்லி வருவார்கள், எடை குறைக்கச் சொல்லி வருவார்கள். இப்படிக் கேட்டு எவனும் வந்ததில்லை.

“போலீஸ் தேடுதாடா உன்னை?”

“அதைவிட மோசம்.” பத்தொன்பது வயது நீல்லாஸ் பட்டறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “யோவ்னா மாமா.”

“துருவமான் மந்தை வெச்சிருக்காரே, அவரா? அவரை என்னடா பண்ணின?”

“அவரை ஒண்ணும் பண்ணலக்கா. அவர் பொண்ணு மாரெத் இருக்கால்ல... அவகூடப் பேசிக்கிட்டிருக்கேன்.”

“பேசறதுக்கா இந்த நடுக்கம்?”

“ரெண்டு மாசமா, தினமும். அவங்க வீட்டுப் பின்பக்கத்துல நின்னு. அவருக்குத் தெரியாம.”

ரைலி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“சிரிக்காதீங்கக்கா. நேத்து அம்மா கையுறை பின்னிக்கிட்டே, ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாம, ‘இப்ப போறது தபால்காரர், பின்னாடி போறது நர்ஸ்’னு சொல்றாங்க. எட்டிப் பார்த்தா ரெண்டும் சரி! வண்டி சத்தத்தை வெச்சே ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. அதுலயும் யோவ்னா மாமாவுக்குப் பாம்புச் செவி.”

“தெரிஞ்சா என்ன பண்ணிடுவார்?”

“மாரெத்தை மூட்டை கட்டித் தெற்கே அவ சித்தி வீட்டுக்கு அனுப்பிடுவார். அப்புறம் நான் இங்கே இருந்து என்னத்துக்கு?”

குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

“பேசாம நடந்து போயேன்.”

“ஒன்பது கிலோமீட்டர்க்கா. மைனஸ் முப்பதுல.”

“காதலுக்கு அது ஒரு தூரமா?” என்றபடி ரைலி அலமாரியிலிருந்து மூன்று சைலன்சர் குழாய்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இது டைட்டானியம். ஒரு விரல்ல தூக்கலாம். ஆனா கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி கீச்சுனு கத்தும்.”

“வாத்தியார் வண்டி அப்படித்தான் கத்துது. வேணாம்.”

“இது விலை கம்மி. சத்தமும் உன் பழசு மாதிரியேதான்.”

“அப்புறம் எதுக்கு மாத்தணும்?”

மூன்றாவது, இரை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி நடுவில் வீங்கியிருந்தது. “இது பந்தயத்துக்குன்னே செஞ்சது. எட்டுக் குதிரை சக்தி கூடும்.”

“குதிரை கிடக்கட்டும்க்கா. குரல் எப்படி?”

ரைலி செல்போனில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். அடிவயிற்றிலிருந்து வந்தது அந்த உறுமல்.

“ஆத்தங்கரையில இருக்கிறது இருபத்து மூணு வீடு. இந்தக் குரல் ஒரு வீட்டுக்கும் கிடையாது” என்றாள் பெருமையாக.

“இதுதான்! இதையே போடுங்க!”

பழைய குழாயைப் பிடித்திருந்த ஸ்பிரிங்குகளைக் கொக்கி போட்டு இழுத்தாள். ஒன்று தெறித்து எண்ணெய் டின்னுக்குள் விழ, நீல்லாஸ் முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தான். புதுக் குழாய் என்ஜின் மூடியில் உரசியது. அந்த இடத்தில் வெப்பத்தகடு வைத்துக் கொடுத்தாள். பிறகு பெட்ரோல் அளவைத் திருத்த உட்கார்ந்தாள்.

“சீக்கிரம்க்கா, ஏழு மணிக்கு அவ காத்துக்கிட்டிருப்பா.”

“இதைத் திருத்தாம ஓட்டினா பிஸ்டன் உருகி நடு ஆத்துல நிப்ப. கயிறு கட்டி இழுத்துட்டுப் போக யோவ்னா மாமாதான் வரணும். பரவாயில்லையா?”

நீல்லாஸ் ஓடிப்போய் விளக்கை எடுத்து அவளுக்கு வெளிச்சம் பிடித்தான்.

வேலை முடிய எட்டாகிவிட்டது. உறைந்த ஆற்றின்மேல் வண்டியைக் கிளப்பியபோது அவனுக்கே அது யாரோ வேறு ஒருவனுடைய வண்டி மாதிரி இருந்தது. ரெண்டு மாசத்தில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான்.

முதல் வீட்டைத் தாண்டினான். வாசல் விளக்கு எரிந்தது. அடுத்த வீட்டில் கதவே திறந்தது. அதற்கடுத்த வீட்டில் யாரோ சட்டையில்லாமல் வெளியே ஓடிவந்து பார்த்தார்கள். இதென்ன கூத்து என்று அவன் யோசிக்கும்போதே பின்னால் இரண்டு வண்டிகள் சேர்ந்துகொண்டன. கீச்சுக்குரல் வாத்தியார். இன்னொன்று, ஐயோ, அவனுடைய சொந்தப் பெரியப்பா!

எட்டுக் குதிரையையும் தட்டிவிட்டான். மாரெத் வீட்டுப் பின்பக்க வேலியோரம் பாய்ந்து நின்று, என்ஜினை அணைத்தான்.

இருட்டிலிருந்து விஸ்ஸென்று ஒரு சுருக்குக் கயிறு வந்து தோளில் விழுந்து இறுகியது. அடுத்த நொடி பனியில் குப்புறக் கிடந்தான்.

“மாட்டினான்டா துருவமான் திருடன்! எந்த ஊர் வண்டிடா இது?” யோவ்னாவின் கர்ஜனை கேட்டு வீட்டு விளக்குகள் எல்லாம் எரிந்தன. பின்னால் வந்த வண்டிகளும் வெளிச்சத்தை அவன்மேல் திருப்பின.

ஒரு முரட்டுக் கை அவனைப் புரட்டி, முகத்திலிருந்த பனியைத் துடைத்தது. நீல்லாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டான். முடிந்தது. நாளைக்கே மாரெத் தெற்கே போய்விடுவாள்.

“அட, நீயா? தினமும் லொக்கு லொக்குனு இருமிக்கிட்டே வருமே, அந்த வண்டி எங்கே மாப்பிள்ளே?” என்று கயிற்றைத் தளர்த்தினார் யோவ்னா. “அந்த இருமல் கேட்டாத்தானே, சின்னஞ்சிறுசுங்க நிம்மதியாப் பேசட்டும்னு நானும் உன் அத்தையும் முன்னறைக்குப் போயி டிவியைச் சத்தமா வெப்போம்!”