இரண்டாவது கோடு

குருநகர்த் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த ஆராய்ச்சி வெறும் கோடு பார்ப்பதுதான். தனியாக இருக்கும் கோட்டுக்கு, பக்கத்திலுள்ள மூன்றில் எது சமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் என்று றொசாந்திக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் சொன்னவர்கள் எல்லாரும் இரண்டாவது என்றார்கள். அவளும் இரண்டாவது என்றாள்.

மற்றவர்கள் போனபின், ஆராய்ச்சி நடத்திய பல்கலைக்கழக மாணவி பஸ்லியா அவளுக்குத் தேநீர் கொடுத்தாள்.

“குறை நினையாதேங்கோ அக்கா. அவையெல்லாம் எங்கடை ஆக்கள். வேணுமெண்டுதான் பிழையாச் சொன்னவை. உங்களுக்குச் சரியான கோடு தெரியேல்லையோ?”

“வடிவாத் தெரிஞ்சது.”

“பிறகேன்?”

“எல்லாரும் ஒண்டைச் சொல்லேக்கை, நான் மட்டும் என்னெண்டு மாறிச் சொல்லுறது?”

பஸ்லியா சிரித்தாள். “பரவாயில்லை அக்கா. கோடுதானே.”

றொசாந்தி தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடலிலை காணாமல் போன என்ரை மனுசனுக்குக் காலிலை திருக்கை மீன் குத்தின தழும்பு இருந்தது. கரையொதுங்கின பிரேதத்திலை அது இல்லை. முகமும் அழிஞ்சு போச்சு. சனமெல்லாம் ‘உது ஜெரிசன்தான்’ எண்டு சொல்லிச்சினம். நானும் ஓம் எண்டன். அடக்கியாச்சு.”

பஸ்லியாவின் சிரிப்பு நின்றது. “அப்ப அவர்...?”

“நேற்று இந்தியாவிலை இருந்து போன் வந்தது. அவரின்ரை குரல்தான். வீட்டிலை நிண்ட எல்லாரும், ‘செத்தவன் கதைப்பானோ? உவன் ஆரோ ஏமாத்துக்காரன், வை’ எண்டு சொல்லிச்சினம்.”

“நீங்கள்?”

“பிழையான நம்பர் எண்டு சொல்லி வைச்சிட்டன்.”