மழைக்கு வாய்ப்பு

பானுப்ரியா போனை வைத்தாள். ஆழ்வார்திருநகரிக்காரரும் ஏசி வேண்டாம் என்றுவிட்டார். மே முடிய இரண்டு நாள்தான். அதற்குள் இன்னும் ஒரு ஏசியாவது விற்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"இடி மழை வருதாம், வெயில் குறைஞ்சிருமாம். கேபிள் டிவில ஒருத்தன் தெனமும் சொல்லுதானாம். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

கடை ஏசிக்கு நேரே உட்கார்ந்திருந்த வன்னியபெருமாள் சிரித்தார். ஒரு வாரமாக மத்தியானம் வந்து விலை கேட்டு, ஒரு மணி நேரம் குளிர்ந்துவிட்டுப் போகிறவர்.

"விடு தாயி. இங்கன இருந்தா வெயிலடிக்கதே மறந்து போவுது."

அவர் போன் ஒலித்தது.

"ஆமாலே, இன்னைக்கும் அதையே எழுதி வை. இடி மின்னலோட மழைக்கு வாய்ப்பு. சாயந்தரம் நான் வந்து வாசிச்சுக்கிடுதேன்."

பானுப்ரியா எழுந்து ஏசியை அணைத்தாள். வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி, மழை வருமா?"

கால் மணி நேரத்தில் சட்டை அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டது. போனை எடுத்தார்.

"ஏலே, எழுதுனதை அழி. ஜூன் முழுக்க வெயில் கொளுத்தும்னு போடு."

"வயசானவங்க இருக்க வீட்டுல ஏசி அவசியம்னும் ஒரு வரி போடச் சொல்லுங்க," என்றாள் பானுப்ரியா.