அடுத்த வீட்டுக் கண்காணி

"கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!"

போதகர் கத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்த வேகத்தில், அவர் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னங்க, தொலைஞ்ச சாவியா?"

"சாவியாவது பூட்டாவது! அல்லோட்ரியெபிஸ்கோபோஸ்!"

"ஐயையோ, இது என்ன நோய்? யாருக்கு வந்திருக்கு?"

"நோயேதான்! எதிர்வீட்டு விசாரணை அக்காவுக்கு!"

மனைவி அடுப்பை அணைத்தாள். இனி அவர் சொல்லி முடிக்காமல் விடமாட்டார்.

"கிரேக்க வார்த்தைம்மா. பைபிள் முழுக்க ஒரே ஒரு இடத்துலதான் வருது. பேதுரு எழுதின முதல் நிருபம். கஷ்டப்படறதுன்னா நல்லதுக்காகப் படுங்க, தப்புப் பண்ணி மாட்டிக்கிட்டு முழிக்காதீங்கங்கிறார். கொலைகாரன், திருடன்னு வரிசையா அடுக்கிட்டு, கடைசியில இந்த ஆளையும் சேர்க்கிறார். அல்லோட்ரியோஸ்னா அடுத்தவனுக்குச் சொந்தமானது. எபிஸ்கோபோஸ்னா கண்காணி. அடுத்தவன் வீட்டுக்குத் தன்னைத் தானே கண்காணியா நியமிச்சுக்கிட்ட ஆள்! கொலைகாரனோட ஒரே வரிசையில!"

"கண்காணின்னா அக்கறையா பார்த்துக்கிறவர்தானே? சபைக்கு நீங்களும் அதுதானே?"

"அது சபைக்கு. இது அடுத்தவன் வீட்டுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"பாவங்க அந்த அக்கா. எல்லார் முன்னாடியும் வேண்டாமே."

"பேரையா சொல்லப்போறேன்?"

பாவம், அவருக்கும் ஆசை இருக்காதா? இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஒருத்தராவது 'இன்னைக்குப் பிரசங்கம் பிரமாதம்' என்று சொல்லவேண்டுமே! சொன்னதெல்லாம் விசாரணை அக்காவைப் பற்றிய புகார்தான். பொருளாளர் அழாத குறை.

"ஞாயித்துக்கிழமைகூடத் தூங்க விடறதில்ல பாஸ்டர். விடியறதுக்குள்ள கதவைத் தட்டி, ஏன் போன வாரம் காணோம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா, இன்னுமா குளிக்கலைன்னு ஒரே குடைச்சல். வீடு வீடா இதே வேலை!"

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் போதகர் வெளுத்து வாங்கினார். அந்த வார்த்தையைச் சபையையே கோரஸாகச் சொல்லவைத்தார். எல்லாரும் நாக்குச் சுளுக்கிக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே அக்கா கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்னிட்டீங்க பாஸ்டர்!" வாசலில் பொருளாளர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். போதகருக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக அக்கா வந்தாள்.

"நல்லா புரியும்படி சொன்னீங்க பாஸ்டர். எனக்குத்தான் சொன்னீங்கன்னும் புரிஞ்சுது. இனிமே நான் உண்டு, என் வேலை உண்டுன்னு இருந்துக்கறேன்."

போதகருக்கு லேசாகச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்குப் போவதற்குள் அது மறந்துபோயிற்று. வாரம் முழுக்க ஒரு புகார் இல்லை! உற்சாகத்தில் அடுத்த பிரசங்கத்துக்கு இதைவிட நீளமான வார்த்தை ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. அங்கியைச் சரிசெய்துகொண்டு துள்ளலாக உள்ளே நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள். ஒரு ஓரத்தில் அவர் மனைவி. முன்வரிசையில் அக்கா.

இதோ வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தார். ஈ காக்கை வரவில்லை. பொறுக்கமாட்டாமல் பொருளாளருக்குப் போன் போட்டார்.

"அடடா, ஆராதனைக்கு நேரமாயிடுச்சா?" கொட்டாவியோடு குரல் வந்தது. "அக்கா வந்து தட்டவே இல்லையே பாஸ்டர்!"

பாடகர் குழுத் தலைவிக்குப் போட்டார். அங்கேயும் அதே கொட்டாவி, அதே பதில்.

போதகர் போனை வைத்தார். மெதுவாக முன்வரிசைக்கு நடந்துபோனார்.

"அக்கா... இவ்வளவு நாளும் நீங்கதான் எல்லாரையும்..." காலி பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு ஒருத்தரையும் காணோமே அக்கா?"

அக்கா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கெதுக்கு பாஸ்டர் அடுத்தவங்க விஷயம்?"