மூன்று நாள் கொசுறு

இரண்டு ஊர்க்காரர்கள் தபால் கார்டு போட்டு ஆடிய சதுரங்கம் அது. ஒரு நகர்த்தலுக்குப் பதில் வரப் பதினைந்து நாள் ஆகும். சிசிலியன் என்ற தொடக்க முறையில் ஆடிய ஆட்டம் என்பதால், ஒதுக்குப்புறத்திலிருந்து கிளம்பிய கறுப்புச் சிப்பாய்க்கு நடுக்கட்டத்து வெள்ளைச் சிப்பாயை வெட்டும் முறை வந்தது.

"வெட்டுடா! அடுத்த கார்டிலேயே எங்க குதிரை உன்னை வெட்டிடும்," என்றது வெள்ளை.

கறுப்புக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அடுத்த கார்டு வர்ற வரைக்கும் நடுக்கட்டம் யாருது? என்னுது! மூலையில கிடந்தவனுக்கு இதைவிட நல்ல பேரம் எவன்யா குடுப்பான்? தள்ளு!"

வெட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றது. எதிரே, இடையில் யாருமில்லாமல், வெள்ளை ராணி.

"ஏய் பொடியா, வழியை விடு!"

"கார்டு வரட்டும்மா."

பண்டிகை விடுமுறையில் கார்டு மூன்று நாள் பிந்தியது. சிப்பாய்க்கு அது கொசுறு. பதினெட்டாம் நாள் குதிரை பாய்ந்தது.

பெட்டிக்குள் காத்திருந்த வெள்ளைச் சிப்பாய் சிரித்தது. "முடிஞ்சுதா உன் ராஜ்ஜியம்?"

"முடிஞ்சுது," என்று கறுப்பு சுகமாகச் சாய்ந்துகொண்டது. "உங்க ராணி தினமும் திட்டினா. ஆனா ஒரு அடிகூட முன்னால வர முடியலையே!"