இன்னும் ஒரு பச்சை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடத்தில் ஆர்வில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறார். முப்பது வருட நிலக்கரித் தூசி நெஞ்சுக்குள் கரகரக்கிறது. சுரங்கத் தொழிலாளர் மருத்துவ மசோதாவை அதிபர் நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதை மீறி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். எதிர்ச் சுவரில் உறுப்பினர் பெயர்கள் ஒளிர்கின்றன; ஆதரித்தவர் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு, எதிர்த்தவருக்குச் சிவப்பு.

"பச்சைதானே ஜாஸ்தி, லொரீன்? ஜெயிச்சாச்சு."

"ஜாஸ்திதான், ஆனா பத்தாது. இன்னும் ஒண்ணு வேணும்." மனைவியின் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்குகின்றன.

அவர்கள் தொகுதி உறுப்பினர் ஹாட்லியின் பெயருக்கு எதிரே மட்டும் விளக்கு இல்லை. போன மாதம் இதே மசோதாவுக்குப் பச்சை போட்டவர். சட்டென்று அங்கே சிவப்பு எரிகிறது. சபாநாயகர் சுத்தியலைத் தட்டுகிறார், அதோடு முடிந்தது.

"ஓட்டுக் கேட்டு வந்தப்ப என் கையால சுட்ட சோள ரொட்டியத் தின்னுட்டுப் போனானே, பாவி!" லொரீன் பல்லைக் கடிக்கிறாள்.

கீழே ஹாட்லி நிமிர்ந்து, மாடத்தைப் பார்த்துச் சிரித்தபடி கையசைக்கிறார். பழக்கதோஷத்தில் ஆர்வில்லின் கையும் உயர்கிறது.