மழை யார் பக்கம்?

வெள்ளம் வந்தால் ஆற்றங்கரை ஊர்களுக்குத் தகவல் சொல்லும் வலைப்பின்னலை முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். கோபுரங்களைப் போல நடிக்கும் மென்பொருள் இளம்பரிதியுடையது. கேபிள்களைப் போல நடிப்பது ஸ்டெல்லாவுடையது. இரண்டையும் இணைத்தவள் குமுதவல்லி.

"ஒரு தகவல்கூடத் தொலையலையே! கோபுரத்தையும் கேபிளையும் கெடுக்குற மழையை உங்கள்ல யார் மென்பொருள்ல வச்சீங்க?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"ஸ்டெல்லா பக்கம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"அடப்பாவி, உன் பக்கம்னுல்ல நான் நினைச்சேன்!"

"நல்லா வந்ததைக் கெடுக்காதீங்கம்மா, நாளைக்கு அமைச்சர் வர்றார்" என்றார் திட்ட இயக்குநர்.

"வெள்ளத்துக்குன்னு செஞ்சுட்டு வெயில்ல ஓட்டிக் காட்டுவீங்களா? வெக்கமா இல்ல சார்?"

குமுதவல்லியே மழையைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். தகவல் கிடைத்ததாகத் திரையில் பச்சையாக மின்னிய ஊர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"இதுல எந்த ஊரை சார் நீங்க நேர்ல போய் எழுப்பப் போறீங்க?"