பூட்டுக்குச் சொன்ன பதில்

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். பல் தேய்த்து, டீ போட்டுவிட்டு, துப்பாக்கி அலமாரியின் முன்னால் நின்று "நல்லா இருக்கேன்" என்கிறேன். பச்சை விளக்கு எரிகிறது. துப்பாக்கி உள்ள வீட்டில் எல்லோரும் தினமும் இதைச் சொல்ல வேண்டும். ஒருவர் குரலில் சோர்வோ கலக்கமோ தெரிந்தாலும் பூட்டு திறக்காது.

போன மாதம் மக்காச்சோளக் காட்டில் பன்றிகள் இறங்கிய காலையில் அது திறக்கவில்லை. என் மனைவி அம்சவேணிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கட்டிலிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். சொன்னாள். சிவப்பு எரிந்தது.

"இன்னொருக்கா, கொஞ்சம் தெம்பாச் சொல்லு அம்சா."

"பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இத்தன தடவ பாடச் சொல்லலீங்க," என்று சிரித்தாள். இருமல் வந்தது. மறுபடியும் சிவப்பு.

"அங்க காடே போகுது!" என்று கத்தினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். பச்சை எரிந்தது.

நான் திரும்பி வந்தபோது அலமாரியின் அடியிலேயே கிடந்தாள். உயிர் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி அலமாரியின் பதிவைப் போட்டுக் கேட்டார். "காலைல நல்லாத்தான் இருந்திருக்காங்க. உங்க மேல தப்பில்லீங்க," என்றார். அவளுடைய கடைசி வார்த்தையாக அறிக்கையில் "நல்லா இருக்கேன்" என்றே இருக்கிறது.

சிவப்பு விழுந்த குரல்கள் பதிவில் இருக்காது; பச்சை எரிந்ததும் பதிவு நின்றுவிடும். அதற்குப் பிறகு, நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டாள்:

"இப்ப சரியாச் சொன்னனுங்களா?"